குழந்தைகளுக்கான மணல் தொட்டி: எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பராமரிப்பது?

கீற்றுநிழல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்கு ஒன்றரை வயதில் ஒரு மகளும் நான்கு வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். வீட்டின் பின்புறத்தில் உள்ள சிறிய திறந்தவெளியில் அவர்களுக்கு ஒரு மணல் தொட்டி அமைத்துத் தரலாம் என்று நானும் என் கணவரும் பேசத் தொடங்கினோம். ஆமை வடிவத்தில் மூடியோடு விற்கும் பிளாஸ்டிக் தொட்டியை வாங்குவதா, பலகையால் செய்துகொள்வதா என்று தொடங்கிய பேச்சு, எந்த மணலைக் கொட்டுவது, எவ்வளவு ஆழம் வேண்டும், மழைநீர் எங்கே வடியும், தெருப்பூனைகளை எப்படித் தடுப்பது என்று வளர்ந்து, இந்த வம்பே வேண்டாம் என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டது. தரையில் வைப்பதால்தானே இத்தனை தொல்லை, மொட்டைமாடியில் வைத்துவிடுங்கள் என்கிறார் என் நாத்தனார்.

தொட்டி அமைத்துப் பயன்படுத்தி வருபவர்கள், வாங்குவதற்கு முன் எதை முதலில் தீர்மானிக்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும். பார்க்க அழகாக இருக்கும் தொட்டிகளின் படங்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன; ஓராண்டு கழித்து அந்தத் தொட்டி என்ன ஆனது என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை.

---

தச்சுமரம் எழுதியது:

வணக்கம் சகோதரி. மரவேலை செய்பவன் என்பதால் பலகைத் தொட்டியைத்தான் புகழ்வேன் என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் மூடியைத் தீர்மானியுங்கள். தொட்டி எதனால் ஆனது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கைவிடப்பட்டுக் கிடக்கும் மணல் தொட்டிகளைப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் பெட்டி உறுதியாகத்தான் இருக்கும். மூடி கனமாக இருந்திருக்கும், அல்லது காற்றில் பறந்திருக்கும், அல்லது மூடியே இருந்திருக்காது. இடுப்பில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் ஒருவர் திறக்கவும் மூடவும் முடியாத மூடியை முதல் சில நாட்கள் ஒழுங்காக மூடுவார்கள்; அதன் பிறகு அது சுவரில் சாய்ந்தே கிடக்கும்.

பலகையில் செய்வதானால் இரண்டு பக்கமும் மடிந்து திறக்கும் மூடியைப் பரிந்துரைக்கிறேன். ஒவ்வொரு பக்கத்து மூடியும் இரண்டு துண்டுகளாக மடிந்து, திறந்த நிலையில் முதுகுச் சாய்வுள்ள இருக்கையாக நிற்கும்படி செய்யலாம். கீல்களுக்கு அருகில் குழந்தையின் விரல் நசுங்காத அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும். வெளியிலிருந்து தாழிடும் கொண்டியைப் பொருத்தவே கூடாது. ஒளிந்து விளையாடும் பிள்ளை உள்ளே படுத்துக்கொண்டால், மூடியை உள்ளிருந்து தள்ளித் திறக்க முடிய வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை, இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்றே கால் மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை பக்கமுள்ள சதுரம் போதும். ஒன்றரை மீட்டருக்கு மேல் போனால் ஓரத்தில் நின்றுகொண்டு நடுவில் உள்ள மணலைக் கிளற உங்கள் கை எட்டாது. ஆழம் இந்த வயதுக்கு 20 முதல் 25 செ.மீ. இருக்கட்டும், மணலுக்கு மேல் இன்னும் 10 செ.மீ. விளிம்பு இருந்தால் சிந்துவது குறையும். கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்: 1.5 மீட்டர் சதுரத்தில் 25 செ.மீ. ஆழத்துக்கு ஏறத்தாழ 0.56 கன மீட்டர் மணல் வேண்டும். உலர்ந்த மணல் கன மீட்டருக்குச் சுமார் 1,600 கிலோ என்பதால், அது 900 கிலோ. 1.2 மீட்டர் சதுரத்தில் 20 செ.மீ. ஆழம் என்றால் 460 கிலோவில் முடிந்துவிடும். இந்த எடையை உள்ளே கொண்டுவருவது ஒருநாள் வேலை. பிறகொரு நாள் இதை முழுவதும் வெளியே எடுத்து மாற்ற வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அளவைத் தேர்ந்தெடுங்கள்.

மரத்தில் இரண்டை அறவே தவிர்க்க வேண்டும். பழைய ரயில் பாதைக் கட்டைகள் கிரியோசோட் எண்ணெயில் ஊறியவை. வெயில் ஏறும்போது அது கசிந்து தோலில் ஒட்டும். அடுத்தது, குரோமியம், தாமிரம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த கரைசலை அழுத்தி ஏற்றிய பலகை. வீட்டுப் பயன்பாட்டுக்காக அதைத் தயாரிப்பதை அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 2003ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் அதற்கு முன் அமைக்கப்பட்ட மேடைகளிலிருந்தும் வேலிகளிலிருந்தும் பிரித்தெடுத்த பலகைகள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. பச்சை சாயல் அடிக்கும் பழைய பலகை எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் தொடாதீர்கள். தேக்கு, தேவதாரு போன்றவை தாமாகவே நெடுநாள் தாங்கும். விளிம்புகளை இழைத்து உருட்டி, உப்புத்தாளால் தேய்த்து, திருகாணித் தலைகளை மரத்துக்குள் புதைத்துவிட வேண்டும். மண்ணைத் தொடும் பகுதியில் ஒட்டுப்பலகையைப் பயன்படுத்தினால் அதன் அடுக்குகள் விரைவில் பிரிந்து, சிராய்கள் நீட்டிக்கொண்டு நிற்கும்.

பழைய லாரி டயரைத் தொட்டியாக்குவது மலிவு என்று சிலர் சொல்வார்கள். வெயிலில் கொதிக்கும், உள்வளைவில் நீர் தேங்கிக் கொசு வளரும், தேய்ந்த டயரிலிருந்து எஃகுக் கம்பி முனைகள் வெளியே வரும்.

தரையில் வைக்கும் பலகைத் தொட்டிக்கு அடிப்பலகை தேவையில்லை. கொஞ்சம் தோண்டி, 5 முதல் 10 செ.மீ. வரை சரளைக்கல் பரப்பி, அதன் மேல் நீரை விட்டுவிட்டு மண்ணைத் தடுத்து நிறுத்தும் ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்து, அதற்கு மேல் மணலைக் கொட்டுங்கள். துணிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தாளை விரித்தால் அடியில் நீர் தேங்கி மணல் கறுத்து நாறும். பிளாஸ்டிக் தொட்டி வாங்குவதானால் அதன் அடியில் நீங்களே துளைகள் இட்டு, உள்பக்கம் அதே துணியை விரித்துவிடுங்கள். பிள்ளைகள் வளர்ந்ததும் அகற்றிவிடலாம் என்று நினைப்பவர்களுக்குப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றும் மோசமான தேர்வல்ல. அதன் மூடி எடை குறைவானது என்பது எனக்கே பிடித்த குணம்.

---

விரலோவியம் எழுதியது:

முன்பருவப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மூடிதான் முதலில் என்று தச்சுமரம் அவர்கள் சொன்னதை வழிமொழிகிறேன். மணலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கட்டட வேலைக்கு வரும் மணலில் களிமண்ணும் வண்டலும் கலந்திருக்கும். துணியில் கறை படியும், காய்ந்தால் தூசியாகப் பறக்கும். பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் வகையில் மணிகள் கூர்முனைகளோடு இருப்பதால் மென்மையான முழங்காலை அராவிவிடும்; மாவு போன்ற கல்தூளும் அதில் அதிகம். அத்துடன், சில வகைப் பாறைகளில் டிரெமோலைட் என்னும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழைகள் இயற்கையாகவே கலந்திருக்கக்கூடும் என்பதால், எந்தப் பாறையிலிருந்து வந்தது என்று தெரியாத நொறுக்கு மணலைக் குழந்தைகளுக்குக் கொட்டுவதில்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கடல் மணலில் உப்பு இருக்கும். அது ஈரத்தை ஈர்த்துக்கொண்டு தோலில் ஒட்டும், சிப்பி உடைசலும் கலந்து வரும். நீரோட்டத்தில் உருண்டு மழுங்கிய, கழுவிச் சலித்த மணல்தான் வேண்டும். விளையாட்டு மணல் என்றே மூட்டையாக விற்பதை வாங்கினாலும் அதைச் சோதித்துவிட்டுப் பயன்படுத்துவது நல்லது.

சோதிப்பது எளிது. கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மணலைப் போட்டு, நீரை நிரப்பி, மூடிக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிந்துவிடும். வண்டல் அதற்கு மேல் மெல்லிய அடுக்காகப் பல நிமிடங்கள் எடுத்துப் படியும். களிமண் கலந்திருந்தால் நீர் மணிக்கணக்கில் கலங்கியே நிற்கும். ஓரிரு நிமிடத்தில் நீர் ஏறத்தாழத் தெளிந்துவிட்டால் அந்த மணலை நம்பி வாங்கலாம்.

மிக வெண்மையான மணல் வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால் பழுப்பு நிறமே நல்லது. மணிகள் எல்லாம் ஒரே அளவில் இருந்தால் கோட்டை நிற்காது. பொடியும் பருமனும் கலந்திருக்க வேண்டும். ஈரத்திலும் அளவு உண்டு. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், மணற்கோபுரம் மிக உறுதியாக நிற்பதற்குக் கன அளவில் 1 விழுக்காடு அளவுக்கு நீர் இருந்தாலே போதும் என்று கண்டறிந்தார்கள். மணிகளுக்கிடையே நீர் சிறு சிறு பாலங்களாக நின்று இழுத்துப் பிடிப்பதால்தான் ஈரமணல் ஒட்டுகிறது. மணல் முழுவதும் நீரில் மூழ்கிவிட்டால் அந்தப் பாலங்கள் மறைந்து, கோட்டை குழைந்து விழுகிறது. பிள்ளைகள் கையில் குழாயைக் கொடுப்பதைவிடச் சிறிய பூவாளியைக் கொடுப்பது நல்லது என்பதற்கு இதுவே காரணம்.

---

கீற்றுநிழல் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு ஐயம். வெளிநாட்டில் விற்கும் ஒரு விளையாட்டு மணல் மூட்டையின் படத்தைப் பார்த்தேன். அதில் புற்றுநோய் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது. குழந்தைகள் விளையாடுவதற்காகவே விற்கும் பொருளில் இப்படி ஓர் எச்சரிக்கை ஏன்? அதைப் பார்த்த பிறகு என் கணவர் இந்தத் திட்டத்திலிருந்து பாதி விலகிவிட்டார். பூனைக் கழிவு எந்த அளவுக்கு ஆபத்தானது என்பதையும் யாரேனும் விளக்க முடியுமா?

---

நுண்ணோக்கி எழுதியது:

ஒட்டுண்ணிகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன் என்பதால் இரண்டாம் கேள்விதான் என் துறை. முதல் கேள்வியையும் தொட்டுவிட்டுப் போகிறேன்.

மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது படிகச் சிலிக்கா. உள்ளிழுக்கும் அளவுக்கு நுண்ணிய சிலிக்காத் தூசியை, தொழிலிடங்களில் நேரும் பாதிப்பை வைத்து, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. கலிபோர்னிய மாநிலச் சட்டம் அத்தகைய பொருட்கள் கலந்த சரக்கில் எச்சரிக்கையை அச்சிடச் சொல்கிறது. மூட்டையில் நீங்கள் பார்த்தது அதுவாகவே இருக்க வேண்டும். கல்குவாரியிலும், மணலைப் பீய்ச்சி உலோகத்தைத் துப்புரவு செய்யும் பட்டறையிலும் ஆண்டுக்கணக்கில் அந்தத் தூசியைச் சுவாசிப்பவர்களுக்கு நேர்வதற்கும் தொட்டியில் விளையாடும் குழந்தைக்கு நேர்வதற்கும் பெரிய இடைவெளி உண்டு. மணல் மணி என்று நாம் சொல்வதே 0.06 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது. நுரையீரலின் ஆழத்துக்குப் போகும் தூசி அதில் பத்தில் ஒரு பங்கு அளவுகூட இருக்காது. ஆகவே கவலைப்பட வேண்டியது மணியைப் பற்றியல்ல, அதனோடு கலந்து வரும் மாவைப் பற்றி. கழுவிய மணலை வாங்குங்கள், மூட்டையைக் கொட்டும்போது பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு நீரைத் தெளித்துக் கொட்டுங்கள், விளையாடும் நேரத்தில் மேற்பரப்பை ஈரமாக வைத்திருங்கள். ஈரமணலிலிருந்து தூசி எழாது.

இனிப் பூனை. இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் நேரக்கணக்கைப் பொறுத்தது.

பூனை, நாய் ஆகியவற்றின் குடலில் வாழும் டாக்சோகாரா என்னும் உருளைப்புழுவின் முட்டைகள் கழிவோடு வெளியே வருகின்றன. வெளியே வந்த அன்றே அவை தொற்றுவதில்லை. முட்டைக்குள் இளம்புழு வளர இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். அதன் பிறகு ஈரமான மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குழந்தையின் வயிற்றுக்குள் போனால் இளம்புழு வெளிவந்து கல்லீரல், நுரையீரல், அரிதாகக் கண் வரைகூட அலையும். பூனையின் வழியே பரவும் மற்றோர் ஒட்டுண்ணியான டாக்சோபிளாஸ்மா, கழிவு வெளியே வந்த ஒன்று முதல் ஐந்து நாட்களுக்குள் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். கொக்கிப்புழுவின் இளம்புழுவோ வாயில் போக வேண்டியதே இல்லை. ஈரமான வெதுவெதுப்பான மணலில் வெறுங்காலோடு நிற்கும்போது தோலைத் துளைத்து நுழைந்து, தோலுக்கடியில் நெளிநெளியான சிவந்த தடத்தோடு அரிப்பை உண்டாக்கும்.

இந்தக் கணக்கைப் பார்த்தால் ஒன்று புலப்படும். கழிவு விழுந்த நாளிலேயே அகற்றப்பட்டால் இவற்றில் எதற்கும் தொற்றும் நிலையை எட்ட அவகாசம் கிடைப்பதில்லை. பூனை தன் கழிவைப் புதைத்துவிடும் என்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. ஒவ்வொரு நாளும் திறந்ததும் பெரியவர் ஒருவர் வாரியால் மேல் 10 செ.மீ. மணலைக் கிளறிப் பார்த்த பிறகுதான் பிள்ளைகள் இறங்க வேண்டும். கண்டுபிடித்தால் கையுறை அணிந்து, கழிவைச் சுற்றிலும் அடியிலும் ஒரு சாண் அளவுக்கு மணலைச் சேர்த்து அள்ளிக் கட்டிக் குப்பையில் போடுங்கள். கருவுற்றிருக்கும் பெண்கள் இந்த வேலையைச் செய்யக் கூடாது. டாக்சோபிளாஸ்மா கருவைப் பாதிக்கும். எப்போது விழுந்தது என்று தெரியாத பழைய கழிவுகள் பல இடங்களில் கிடைத்தால் மணல் முழுவதையும் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

விளையாடிய பிறகு சோப்பும் நீரும்தான். கையில் தேய்த்துக்கொள்ளும் சானிட்டைசர் புழு முட்டையைக் கொல்லாது. முட்டை கையிலிருந்து கழுவப்பட்டுப் போக வேண்டும்.

---

வெயிலோன் எழுதியது:

பெரியவனாகச் சில வார்த்தைகள் சொல்ல அனுமதியுங்கள். நாங்களெல்லாம் மூடியும் கையுறையும் இல்லாமல் மண்ணில் புரண்டு வளர்ந்தவர்கள். மணலைக் கிளறி வெயிலில் காய விட்டால் எந்தக் கிருமியும் பிழைக்காது. அதிலும் ஐயம் இருந்தால் மாதம் ஒருமுறை பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றிவிட்டால் போகிறது. பின்லாந்தில் குழந்தைகள் காப்பகங்களில் காட்டு மண்ணைக் கொட்டி விளையாடவிட்டபோது பிள்ளைகளின் நோய் எதிர்ப்பாற்றல் மேம்பட்டது என்று படித்தேன். மண்ணில் கை வைத்தால் நோய் என்று பிள்ளைகளை அச்சுறுத்தி வளர்ப்பதுதான் உண்மையான கேடு.

---

நுண்ணோக்கி எழுதியது:

ஐயா, பிள்ளைகள் மண்ணில் விளையாட வேண்டும் என்பதில் உங்களோடு முழுவதும் உடன்படுகிறேன். அவர்கள் விளையாடுவதற்காகத்தான் இத்தனையையும் எழுதுகிறோம்.

நீங்கள் குறிப்பிடும் ஆய்வு 2020இல் வெளிவந்தது. சரளை பரப்பிய காப்பக முற்றங்களில் காட்டின் மேல்மண்ணையும் புல்தரையையும் விரித்து, 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளை 28 நாட்கள் விளையாடவிட்டு, அவர்கள் தோலிலுள்ள நுண்ணுயிர்களின் வகைப்பெருக்கம் கூடியதையும், இரத்தத்தில் எதிர்ப்பாற்றலைச் சீராக்கும் குறிகள் மாறியதையும் பதிவு செய்தார்கள். நல்ல ஆய்வுதான். ஆனால் அவர்கள் கொண்டுவந்தது தாவர மட்கும் பாசியும் நிறைந்த மண்; பூனை கழித்த மணலை அவர்கள் யாருக்கும் பரிந்துரைக்கவில்லை. பலவகைப்பட்ட நுண்ணுயிர்களோடு பழகுவது வேறு, புழு முட்டையை விழுங்குவது வேறு.

வெயிலைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதி உண்மை. கொக்கிப்புழுவின் இளம்புழு ஈரமின்றிக் காய்வதையும் நேரடி வெயிலையும் தாங்காது. ஆகவே மணலைப் புரட்டிக் காயவிடுவது பயனுள்ள வேலை. டாக்சோகாரா முட்டையின் ஓடு தடிமனானது. வெயில் படாத ஆழத்தில் அது பத்திரமாக இருக்கும்.

பிளீச்சிங் பவுடரை மட்டும் தயவுசெய்து ஊற்றாதீர்கள். அது முட்டையின் மேற்பூச்சைக் கரைக்குமே தவிர உள்ளிருக்கும் இளம்புழுவைக் கொல்லாது. மணலில் மக்கிக் கிடக்கும் இலைதழையோடு வினைபுரிந்து அதன் வீரியமும் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தையோ பூனையோ சிறுநீர் கழித்த மணலில் குளோரின் கலந்த கரைசலை ஊற்றினால், கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும் குளோரமைன் வாயு எழும். கொதிநீரை ஊற்றலாமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். வெப்பம் இந்த முட்டைகளைக் கொல்லும் என்பது சரி. ஆனால் தொட்டியளவு மணலின் அடி வரைக்கும் அந்தச் சூடு இறங்காது.

---

வெயிலோன் எழுதியது:

குளோரமைன் செய்தி எனக்குப் புதிது. பிளீச்சிங் பவுடரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வெயிலை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

---

கட்டுமானி எழுதியது:

மொட்டைமாடி என்ற சொல்லைப் பார்த்ததும் எழுத வந்தேன். நாத்தனார் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. கணக்கை மட்டும் பாருங்கள்.

20 செ.மீ. ஆழத்துக்கு உலர்ந்த மணல் சதுர மீட்டருக்கு 320 கிலோ. மழையில் நனைந்து நீர் தேங்கினால் அதுவே 400 கிலோவை எட்டும். குடியிருப்புத் தளங்களையும் மாடிகளையும் வடிவமைக்கும்போது, ஆட்களும் பொருட்களும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரை சுமை வரும் என்றுதான் பொதுவாகக் கணக்கிடுகிறோம். சிறிய பரப்பில் கூடுதல் எடை வைத்த மறுநாளே தளம் இடிந்துவிடும் என்று சொல்லவில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் கிடக்கும் எடை என்பதால், அந்தத் தளத்தை வடிவமைத்தவரிடம் கேட்காமல் வைக்கக் கூடாது என்கிறேன். பால்கனி இன்னும் மோசம், ஏனென்றால் அது ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ள தளம்.

எடை சரியாக இருந்தாலும் வேறு தொல்லைகள் உண்டு. சிந்தும் மணல் மழைநீர்க் குழாயின் வாயை அடைத்து மாடியில் நீரைத் தேக்கும். காலடியில் அரைபட்டு நீர்க்காப்புப் பூச்சைத் தேய்க்கும். இவற்றைவிட முக்கியமானது, கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்த தொட்டியின் விளிம்பு பிள்ளைகள் ஏறி நிற்கும் படியாகிவிடும் என்பது. மாடிதான் வேண்டுமென்றால், சுவரிலிருந்து நன்கு தள்ளி, 5 செ.மீ. ஆழத்துக்கு மட்டும் மணலிட்ட அகன்ற தட்டு போதும். அது சதுர மீட்டருக்கு 80 கிலோதான். தோண்டி விளையாட அது பற்றாது, கோடு இழுக்கவும் வண்டி ஓட்டவும் பயன்படும்.

---

கீற்றுநிழல் எழுதியது:

நாத்தனாரிடம் இதை அப்படியே படித்துக் காட்டினேன். கைப்பிடிச் சுவர்ச் செய்தியைக் கேட்டதும் மாடித் திட்டத்தை அவரே கைவிட்டார். தரையில்தான் அமைக்கப் போகிறோம். பின்புறத்தில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று மரத்தடி, நாள் முழுவதும் நிழல். மற்றொன்று சமையலறைச் சன்னலுக்கு நேரே, நண்பகலுக்குப் பிறகு கடும் வெயில், பக்கத்தில் பழைய வண்ணம் உரியும் சுற்றுச்சுவர். எது நல்லது? சின்னவள் கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் போடும் பருவத்தில் இருக்கிறாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

---

விரலோவியம் எழுதியது:

உங்கள் கண்ணில் படும் இடம்தான் சரியான இடம். 1885இல் பாஸ்டன் நகரில், ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு சிற்றாலய முற்றத்தில் மணலைக் கொட்டி விளையாடவிட்டார்கள். பெர்லினில் கண்டதைப் பின்பற்றியது அது, அமெரிக்காவின் பொது விளையாட்டுத் திடல்களுக்கு முன்னோடியாகவும் அது கருதப்படுகிறது. அங்கே வேலைப்பாடான தொட்டி எதுவும் இல்லை, பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருந்தார்கள். ஆகவே சமையலறைச் சன்னலுக்கு எதிரே வையுங்கள், ஆனால் அந்தச் சுவரைச் சரிசெய்த பிறகு. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு; உரிந்த சில்லுகளும் தூளும் மணலில் விழுந்தால் பிரித்தெடுக்கவே முடியாது. அதை உலரச் சுரண்டித் தூசி கிளப்பக் கூடாது. ஈரப்படுத்தி, அறிந்தவர்களை வைத்துச் செய்ய வேண்டிய வேலை. அது இயலாவிட்டால் சுவரிலிருந்து பல அடி தள்ளிச் செல்லுங்கள்.

வெயிலுக்கு நிழல்துணி கட்டலாம். நேரடி வெயிலில் உலர்ந்த மணல் 50 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும். பிள்ளைகளை இறக்கும் முன் புறங்கையை மணலில் வைத்துப் பாருங்கள். மரத்தடியில் குளிர்ச்சி உண்டு, ஆனால் இலை, பறவை எச்சம், எறும்பு எல்லாம் விழுந்துகொண்டே இருக்கும். மணல் காயவும் காயாது. காலை வெயில் சில மணி நேரம் விழுந்து, பிற்பகலில் நிழல் கிடைக்கும் இடமே சிறந்தது.

சின்னவள் மணலை வாயில் போடத்தான் போகிறாள். ஒன்றிரண்டு முறை சுவைத்தால் அது தானாக வெளியேறிவிடும்; நீங்கள் பதறினால் அதுவே அவளுக்கு விளையாட்டாகிவிடும். அமைதியாக வாயைத் துடைத்து, கையில் வேறொன்றைக் கொடுங்கள். கைப்பிடி கைப்பிடியாக விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு என்பதால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். இரண்டு வயதைத் தாண்டியும் ஒரு மாதத்துக்கு மேல் மண்ணைத் தேடித் தின்னும் பழக்கம் நீடித்தால் இரும்புச்சத்துக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும்போது தொட்டியில் கூழாங்கல், கோலிக்குண்டு, சிப்பி எதுவும் கூடாது. 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழலுக்குள் முழுவதும் அடங்கும் பொருள் தொண்டையை அடைக்கக்கூடியது என்பது பொம்மைகளுக்கான பாதுகாப்பு அளவுகோல். அந்த அளவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணில் மணல் விழுந்தால் கசக்க விடாமல், சுத்தமான நீரைச் சில நிமிடங்கள் மெல்ல ஊற்றிக் கழுவுங்கள். அதற்குப் பிறகும் கண் சிவந்தோ திறக்க முடியாமலோ இருந்தால் காத்திருக்க வேண்டாம். மணலை வீசுபவர் அன்றைக்கு வெளியேறிவிட வேண்டும் என்ற ஒரே விதியைத்தான் நான் கண்டிப்போடு நடைமுறைப்படுத்துகிறேன். பொம்மைகள் அதிகம் வேண்டாம். ஆனால் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே நிறத்தில் இரண்டு வாளியும் இரண்டு சிறு மண்வாரியும் இருப்பது வீட்டின் அமைதிக்கு நல்லது.

---

கீற்றுநிழல் எழுதியது:

மூடியைப் பற்றி மறுபடியும் ஒரு கேள்வி. தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் போதாதா? எறும்பு வந்தால் மருந்து தூவலாமா?

---

தச்சுமரம் எழுதியது:

தார்ப்பாய் மழைக்கு நல்லது, மற்ற நேரங்களில் கெட்டது. அடியில் ஈரம் அடைபட்டுப் பூஞ்சை வாடை வரும்; நடுவில் குழிந்து நீர் தேங்கும். கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாட்கள் போதும் என்பதால், அந்தக் குட்டை வாரம் ஒருமுறையாவது வடிக்கப்பட வேண்டும். மழையில்லாத காலத்தில் சட்டத்தில் இழுத்து அடித்த நெருக்கமான வலை போதும். காற்றும் வெளிச்சமும் போகும், பூனை போகாது. விளிம்பில் சிறிது இடைவெளி இருந்தாலும் பூனை நெம்பித் தலையை நுழைத்துவிடும் என்பதால், நான்கு மூலைகளிலும், பிள்ளை உள்ளிருந்து தள்ளினால் விட்டுக்கொடுக்கும் ரப்பர் பட்டை வையுங்கள். மழைக்காலத்தில் வலைக்கு மேல் நடுவில் ஒரு கழியை நிறுத்திக் கூரைபோல் சரிவாகத் தார்ப்பாயைப் போட்டால் நீர் வழிந்துவிடும். பெரும்பாலோர் இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அவதிப்படுகிறார்கள்.

எறும்பு மருந்து, போரிக் பொடி, பூச்சிக்கொல்லி எதுவும் மணலில் கூடாது. அவை அங்கேயே தங்கி, குழந்தையின் கை வழியே வாய்க்குப் போகும். எறும்புக்குத் தேவை காய்ந்த, கலைக்கப்படாத மணல். தினமும் கிளறி ஈரப்படுத்தினாலே இடம்பெயர்ந்துவிடும். தொட்டிக்குள் தின்பண்டம் கூடாது என்ற விதியும் வேண்டும். புற்று வைத்துவிட்டால், பிள்ளைகள் இல்லாத நேரத்தில் அந்தப் புள்ளியில் மட்டும் கொதிநீரை ஊற்றி, ஆறிய பிறகு அள்ளி எறியுங்கள்.

---

விரலோவியம் எழுதியது:

வாரம் ஒருமுறை அடி வரைக்கும் புரட்டிவிடுவதும், மாதம் ஒருமுறை சல்லடையில் சலித்து இலை, குச்சி, உடைந்த பிளாஸ்டிக் துண்டுகளை எடுப்பதும் போதுமானவை. பிள்ளைகள் கையிலும் காலிலும் ஒட்டியதை வீட்டுக் குழாயடியில் கழுவாதீர்கள், கழிவுநீர்க் குழாயின் வளைவில் மணல் தங்கி அடைத்துக்கொள்ளும். தொட்டிக்கு அருகிலேயே ஒரு வாளி நீர் வைத்து அதில் அலசிவிட்டு, பிறகு உள்ளே சோப்பு போடச் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் ஆண்டுக்கு ஒருமுறை மணலை மாற்றுகிறோம். வீட்டில் இரண்டு பிள்ளைகள் மட்டும் என்றால், நாற்றமோ நிறமாற்றமோ இல்லாதவரை இரண்டாண்டு வரைக்கும் விடலாம்; இடையில் குறைவதற்கு மட்டும் புதிது சேருங்கள்.

---

கீற்றுநிழல் எழுதியது:

1.2 மீட்டர் சதுரம், 20 செ.மீ. ஆழம், மடிப்பு மூடி என்று முடிவு செய்துவிட்டோம். மூடியை வாங்கும் முன் என் கணவர் ஒற்றைக் கையால் திறந்து பார்க்கப் போகிறார். கடைசியாக ஒன்று: மாற்றும்போது வெளியே வரும் அந்த 460 கிலோ பழைய மணலை என்ன செய்வது? தோட்டத்து மண் களியாக இருக்கிறது. அதில் கலந்துவிட்டால் இளகும் என்று தோன்றுகிறது.

---

தச்சுமரம் எழுதியது:

களிமண்ணில் கொஞ்சம் மணலைக் கலந்தால் இளகாது, சகோதரி. களித் துகள்கள் மணல் மணிகளுக்கிடையே புகுந்து இன்னும் இறுகிவிடும். இளக வேண்டுமென்றால் மணலின் அளவு களிமண்ணை விஞ்ச வேண்டும், அதற்கு 460 கிலோ ஒரு மூலைக்குக்கூடப் போதாது. மட்கிய எருவைப் போடுங்கள். பழைய மணலை நடைபாதைக் கற்களுக்கு அடியில் பரப்பவோ, கற்களின் இடைவெளிகளை நிரப்பவோ பயன்படுத்தலாம். பூனைக் கழிவு கிடந்த மணலாக இருந்தால் பிள்ளைகள் தோண்டாத இடத்தில், கல்லுக்கு அடியில் மட்டும்.

---

நுண்ணோக்கி எழுதியது:

அப்படிப்பட்ட மணலைக் கீரைப் பாத்திக்கு அருகிலும் கொட்ட வேண்டாம் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.